பையனின் எடை: பரம்பரையா, உடம்பில் இருக்கும் அழற்சியா?

திருச்சி_அம்மா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் மகனுக்கு 9 வயது. உயரம் 134 செ.மீ., எடை 42 கிலோ. அவனைவிட இரண்டு வயது சின்னவள் என் மகள். ஒரே சமையல், ஒரே தட்டு, ஒரே நேரத்துக்குச் சாப்பாடு. அவள் ஒல்லியாகத்தான் இருக்கிறாள். மாமியார் "எங்க வீட்டு உடம்புவாகு" என்கிறார். என் அம்மா "நீ பிஸ்கெட் குடுத்துப் பழக்கிட்டே" என்கிறார்.

போன வாரம் ஒரு லேபில் முழு ரத்தப் பரிசோதனை எடுத்தோம். ஹெச்.எஸ். சி.ஆர்.பி. (உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் புரதமாம்) லிட்டருக்கு 4.2 மி.கி. என்று வந்தது. சிவப்பு எழுத்தில் 'அதிகம்' என்று போட்டிருந்தார்கள். அதைப் பார்த்த ஓர் உணவு ஆலோசகர், "உடம்பு முழுக்க இன்ஃப்ளமேஷன் (அழற்சி) இருக்கு, அதனாலதான் எடை ஏறுது. பால், கோதுமை, சர்க்கரை மூணையும் நிறுத்துங்க. ஜீன் டெஸ்ட்டும் எடுத்துடுங்க" என்றார். அந்த டெஸ்ட்டுக்குப் பல ஆயிரம் ஆகும்.

என் கேள்வி இதுதான். எடைக்குக் காரணம் பரம்பரையா, அழற்சியா, இல்லை நான் போடும் சாப்பாடா? பணம் போனால் போகட்டும். தப்பான பக்கம் ஓடி பிள்ளையை வதைத்துவிடக் கூடாது என்று பயமாக இருக்கிறது. பள்ளியில் வேறு அவனைப் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்கள்.

—

நெல்லைக்காரன் எழுதியது:

அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. எங்க தாத்தா காலத்தில் ஊரில் ஒரு குண்டுப் பையனைப் பார்ப்பதே அபூர்வம். அதே ஜீன்தானே இப்பவும் இருக்கு? நடுவில் வந்தது பேக்கரியும் போனும் டியூஷனும்தான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 5 முதல் 19 வயது வரையுள்ளவர்களில் அதிக எடை உள்ளவர்கள் 1990இல் 8 சதவீதம், 2022இல் 20 சதவீதம். முப்பது வருஷத்தில் மரபணு மாறாது. பரம்பரை என்று சொல்லிவிட்டால் யாரும் எதையும் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை என்றாகிவிடும். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது.

—

ஆய்வகத்_தமிழன் எழுதியது:

மரபணு ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். நெல்லைக்காரன் சொன்ன கணக்கு சரி. சூழல் மாறியதால்தான் எண்ணிக்கை ஏறியது, அதில் சண்டையே இல்லை. ஆனால் திருச்சி அக்கா கேட்டது வேறு கேள்வி. ஒரே வீட்டில், ஒரே சாப்பாட்டில், ஒரு பிள்ளைக்கு ஏறி இன்னொரு பிள்ளைக்கு ஏன் ஏறவில்லை? அந்த இடத்தில் மரபணு நிறையப் பேசுகிறது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 8 முதல் 11 வயது வரையுள்ள 5,092 இரட்டையர் ஜோடிகளை அளந்து 2008இல் ஓர் ஆய்வு வெளியானது. பேராசிரியர் ஜேன் வார்டல் குழுவினர் செய்தது. அச்சாக ஒரே மாதிரி இருக்கும் இரட்டையர்களையும், சாதாரண அண்ணன் தம்பி அளவுக்கே மரபணு ஒத்திருக்கும் இரட்டையர்களையும் ஒப்பிட்டார்கள். பி.எம்.ஐ.யிலும் (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) இடுப்புச் சுற்றளவிலும் பிள்ளைகளுக்கு நடுவே இருந்த வேறுபாட்டில் சுமார் 77 சதவீதம் மரபணு வழியாக வந்தது என்று கணக்கானது. கவனியுங்கள், இந்தப் பிள்ளைகள் 1990களின் நடுவில் பிறந்தவர்கள். அதாவது நொறுக்குத் தீனியும் தொலைக்காட்சியும் தாராளமாகக் கிடைத்த காலத்தில் வளர்ந்தவர்கள்.

அதற்கும் முன்னால், 1986இல் டென்மார்க்கில் தத்துப் பிள்ளைகள் 540 பேரை வளர்ந்த பிறகு பார்த்தார்கள். அவர்களுடைய எடை பெற்றவர்களின் எடையோடு ஒத்துப்போனது. வளர்த்தவர்களின் எடையோடு ஒட்டவே இல்லை.

77 சதவீதம் என்றால் உங்கள் பையனின் 42 கிலோவில் 77 சதவீதம் பரம்பரை என்று அர்த்தமில்லை. ஒரே மாதிரிச் சூழலில் வளரும் பிள்ளைகளுக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வைப் பற்றித்தான் அந்த எண் சொல்கிறது. மழை எல்லா வீட்டு மேலும் ஒன்றாகத்தான் பெய்கிறது, சில கூரை ஒழுகும், சில கூரை ஒழுகாது. நெல்லைக்காரன் மழையைப் பற்றிச் சொல்கிறார், நான் கூரையைப் பற்றிச் சொல்கிறேன். இரண்டும் ஒரே சமயத்தில் உண்மை.

—

புத்தகப்புழு எழுதியது:

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த மரபணு என்னதான் செய்கிறது? 'மெட்டபாலிசம் ஸ்லோ' என்று எல்லாரும் சொல்கிறார்களே, அதுவா?

—

ஆய்வகத்_தமிழன் எழுதியது:

அப்படித்தான் எல்லாரும் நினைக்கிறார்கள். கிடைத்திருக்கும் சான்றுகள் பெரும்பாலும் வயிற்றையும் மூளையையும் காட்டுகின்றன, அதாவது பசியையும் நிறைவையும்.

எஃப்.டி.ஓ. என்ற மரபணுவை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண உடல் பருமனோடு உறுதியாகத் தொடர்புபடுத்தப்பட்ட முதல் பொதுவான மரபணு இதுதான், 2007இல். அதன் 'எடை கூட்டும்' வடிவத்தை அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பெற்ற பெரியவர்கள், ஒன்றும் பெறாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ அதிகம் இருந்தார்கள். ஐரோப்பியர்களில் ஆறில் ஒருவருக்கு இப்படி இரண்டும் உண்டு. வித்தியாசம் 7 வயதிலேயே தெரிய ஆரம்பித்தது. நம் பக்கத்திலும் பார்த்திருக்கிறார்கள். சென்னையில் டாக்டர் மோகன் குழுவினரின் ஆய்வில் தென்னிந்தியர்களுக்கும் இந்த மரபணுவுக்கும் உடல் பருமனுக்கும் தொடர்பு இருந்தது.

இப்போது முக்கியமான விஷயம். 2008இல் ஸ்காட்லாந்தில் 4 முதல் 10 வயதுப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, ஒரே மாதிரிச் சாப்பாட்டை முன்னால் வைத்து, எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று எடை போட்டார்கள். உடம்பு எவ்வளவு சக்தியைச் செலவழிக்கிறது என்றும் அளந்தார்கள். அந்த வடிவம் உள்ள பிள்ளைகளின் உடம்பு சக்தியைக் குறைவாகச் செலவழிக்கவில்லை. அவர்கள் சாப்பிட்ட சாப்பாட்டின் மொத்த எடையும் ஏறக்குறைய மற்றப் பிள்ளைகள் அளவுதான். ஆனால் அதிகக் கலோரி உள்ள பண்டங்களைக் கூடுதலாக எடுத்திருந்தார்கள்.

ஆக, அக்கா, உங்கள் பையனும் பொண்ணும் ஒரே தட்டில் சாப்பிட்டாலும் இருவருக்கும் 'போதும்' என்ற உணர்வு ஒரே நேரத்தில் வரவேண்டும் என்றில்லை. அவன் பேராசைக்காரன் கிடையாது. அவனுடைய மூளைக்கு அந்தச் செய்தி கொஞ்சம் தாமதமாகவோ மெதுவாகவோ போகலாம், அவ்வளவுதான்.

—

திருச்சி_அம்மா எழுதியது:

இதைப் படித்ததும் மனசு கொஞ்சம் லேசானது. அவன் "இன்னும் பசிக்குதும்மா" என்று சொல்லும்போது வீட்டில் எல்லாரும் சிரிப்பார்கள். அவனுக்கு உண்மையாகவே பசித்திருக்கும் போலிருக்கிறது.

ஆனால் அந்த சி.ஆர்.பி.? அதுதான் ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கிறது.

—

மதுரை_குழந்தை_மருத்துவர் எழுதியது:

குழந்தைகள் நல மருத்துவராக எழுதுகிறேன். நேரில் பார்க்காமல் உங்கள் பையனைப் பற்றி முடிவு சொல்லமாட்டேன். பொதுவாகச் சொல்கிறேன்.

முதலில் சி.ஆர்.பி. இதைச் செய்வது கல்லீரல். உடம்பில் எங்காவது கிருமி, காயம், வீக்கம் என்றால் ரத்தத்தில் ஏறும். சளி, தொண்டைப் புண், சொத்தைப் பல், எதற்கும் ஏறும். பரிசோதனைக்குச் சில நாள் முன்னால் அவனுக்கு ஜலதோஷம் இருந்திருந்தால் அந்த 4.2-க்கு அதுவே போதும்.

ஆனால் எடை அதிகமுள்ள பிள்ளைகளுக்குக் கிருமி எதுவும் இல்லாமலே சி.ஆர்.பி. லேசாக ஏறி நிற்பதும் உண்மை. அமெரிக்காவில் 8 முதல் 16 வயதுப் பிள்ளைகளிடம் எடுத்த தேசிய கணக்கெடுப்பை வைத்து 2001இல் இதைக் காட்டினார்கள். 2010இல் வந்த இன்னோர் ஆய்வில், 3 வயதுப் பிள்ளைகளிடமே இது தெரிந்தது. எனக்கு அந்த வயதுதான் உறுத்தியது. நாற்பது வயதுக்காரர்களின் வியாதி என்று நாம் நினைத்த ஒன்று, பால்வாடிக்குப் போகும் வயதிலேயே தொடங்கிவிடுகிறது.

இது எப்படி நடக்கிறது என்றும் சொல்கிறேன். கொழுப்புத் திசு சும்மா எண்ணெயைச் சேர்த்து வைக்கும் இடமில்லை. கொழுப்புச் செல்கள் அளவுக்கு மீறிப் பெருக்கும்போது சில சாகும். அதைச் சுத்தம் செய்ய மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் கூட்டமாக உள்ளே வரும். 2003இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக இதைக் கண்டுபிடித்தன. ஒல்லியான எலியின் கொழுப்புத் திசுவில் பத்தில் ஒரு செல்கூட மேக்ரோஃபேஜ் இல்லை. மிகப் பருத்த எலியில் பாதிக்கும் மேல். இந்தச் செல்களும் கொழுப்புச் செல்களும் சேர்ந்து டி.என்.எஃப். ஆல்ஃபா, இன்டர்லூக்கின் 6 போன்ற, அழற்சியைத் தூண்டும் செய்திப் பொருட்களை விடும். டி.என்.எஃப். ஆல்ஃபா கொழுப்புத் திசுவில் அதிகம் இருப்பதையும், அது இன்சுலினுக்குத் தடையாக நிற்பதையும் 1993இலேயே கோக்கான் ஹோடாமிஸ்லிகில் காட்டிவிட்டார். இன்டர்லூக்கின் 6 கல்லீரலுக்குப் போனால் சி.ஆர்.பி. ஏறும்.

உங்கள் லேப் ரிப்போர்ட்டில் சிவப்பாக இருந்தது இதன் கடைசி நுனியாக இருக்கலாம்.

—

புத்தகப்புழு எழுதியது:

டாக்டர், அப்படியானால் அந்த உணவு ஆலோசகர் சொன்னதும் சரிதானே? அழற்சி இருக்கிறது. அதைக் குறைத்தால் எடை குறையும்.

—

மதுரை_குழந்தை_மருத்துவர் எழுதியது:

இல்லை. எது முதலில், எது பின்னால் என்பதில்தான் அவர் தடம் மாறிவிட்டார். எடையும் அழற்சியும் சேர்ந்து இருக்கின்றன என்பது மட்டும் தெரிந்தால் எதையும் சொல்ல முடியாது. எது எதைக் கூட்டுகிறது என்று பார்க்க வேண்டும். இதை ஆய்வகத் தமிழன் என்னைவிட நன்றாகச் சொல்வார்.

—

ஆய்வகத்_தமிழன் எழுதியது:

சொல்கிறேன். இதில் மரபணுவே சாட்சியாக வந்து நிற்கும், எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி.

சிலருக்குப் பிறவியிலேயே சி.ஆர்.பி. கொஞ்சம் அதிகமாக இருக்கும்படி மரபணு அமைந்திருக்கும். சாப்பாடு, வாழ்க்கைமுறை எதற்கும் அதில் பங்கில்லை. சி.ஆர்.பி.தான் எடையைக் கூட்டுகிறது என்றால் இவர்கள் மற்றவர்களைவிடப் பருமனாக இருக்க வேண்டும். அதேபோல எஃப்.டி.ஓ. மாதிரி எடை கூட்டும் மரபணு உள்ளவர்களைத் தனியாகப் பார்க்கலாம். எடைதான் சி.ஆர்.பி.யைக் கூட்டுகிறது என்றால் இவர்களுக்கு சி.ஆர்.பி. அதிகம் இருக்க வேண்டும்.

டென்மார்க்கின் கோபன்ஹேகனில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களின் விவரத்தை வைத்து இரு பக்கமும் சோதித்து 2011இல் வெளியிட்டார்கள். எடை கூட்டும் மரபணு உள்ளவர்களுக்கு சி.ஆர்.பி. அதிகம் இருந்தது. சி.ஆர்.பி. கூட்டும் மரபணு உள்ளவர்களுக்கு எடை அதிகம் இல்லை. ஆக, எடை ஏறினால் சி.ஆர்.பி. ஏறுகிறது, திருப்பி அல்ல.

இது பெரியவர்களிடம் செய்தது, சி.ஆர்.பி. என்ற ஒன்றை மட்டும் பார்த்தது. அழற்சி என்பது அந்த ஒரு பொருளோடு முடிவதில்லை. அதனால் எல்லாவிதமான அழற்சிக்கும் இதையே தீர்ப்பாக எழுத மாட்டேன்.

—

புத்தகப்புழு எழுதியது:

மூளையில் பசியைக் கவனிக்கும் ஹைப்போதலாமஸ் பகுதியிலேயே அழற்சி வரும் என்றும் படித்திருக்கிறேனே. எலிகளுக்குக் கொழுப்பு நிறைந்த தீனி போட்டதும் சில நாட்களிலேயே வந்ததாம், எடை ஏறுவதற்கும் முன்னாலேயே. அப்படிப் பார்த்தால் அழற்சிதானே முதல்?

—

ஆய்வகத்_தமிழன் எழுதியது:

நல்ல கேள்வி. 2012இல் வந்த ஆய்வைச் சொல்கிறீர்கள். எலிகளில் மூன்று நாட்களுக்குள்ளேயே ஹைப்போதலாமஸில் அழற்சியின் அடையாளம் தெரிந்தது. ஆகவே மூளைக்குள் நடப்பது எடைக்குக் காரணமாகவும் இருக்கலாம், ஒரு சுழல் மாதிரி. ஆனால் அதை ரத்தத்தில் சி.ஆர்.பி. பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கோதுமையை நிறுத்தி அதைச் சரிசெய்யலாம் என்று யாரும் காட்டியதும் இல்லை. எலியின் மூளையிலிருந்து ஒன்பது வயதுப் பையனின் சப்பாத்திக்கு ஒரே தாவலில் போவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

—

மதுரை_குழந்தை_மருத்துவர் எழுதியது:

முழுக்க ஒத்துக்கொள்கிறேன். சீலியாக் நோய் (கோதுமையில் உள்ள புரதம் குடலுக்கு ஒத்துக்கொள்ளாத நோய்), பால் ஒவ்வாமை போன்றவை இருந்தால் மட்டும்தான் கோதுமையையோ பாலையோ நிறுத்தச் சொல்வோம். வளரும் பிள்ளைக்கு அவை இரண்டையும் காரணமில்லாமல் வெட்டினால் புரதமும் கால்சியமும்தான் குறையும். சர்க்கரையைக் குறைப்பது நல்லது, அதற்கு அழற்சியைக் காரணம் காட்ட வேண்டிய அவசியமே இல்லை.

அதற்காக அழற்சியை அலட்சியம் செய்யலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அது இன்சுலின் வேலையைக் கெடுக்கிறது, கல்லீரலில் கொழுப்பு சேர்வதோடு கைகோக்கிறது. எடை மெல்லக் கட்டுக்குள் வந்தால் அதுவும் தணியும். அதனால்தான் சி.ஆர்.பி.யைத் துரத்தாதீர்கள் என்கிறேன்.

—

கொங்குச்செல்வி எழுதியது:

எல்லாரும் பேசுவதைப் படித்துக்கொண்டே வந்தேன். எனக்கு வேறு ஒரு பயம். நான் என் அத்தை மகனைக் கட்டியவள். எங்கள் பாப்பாவுக்கு இரண்டரை வயது. பிறந்தபோது சாதாரண எடைதான். இப்போது 24 கிலோ. ராத்திரி எழுந்து சாப்பாடு கேட்டு அழுகிறாள், கொடுத்தாலும் அடங்குவதில்லை. மார்ச்சளி அடிக்கடி வந்து இரண்டு முறை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். "கொழுகொழுன்னு இருக்கா, கண்ணு படும்" என்கிறார்கள். எனக்கு இது சரியாகப் படவில்லை. டாக்டர், இது எஃப்.டி.ஓ. மாதிரியா?

—

மதுரை_குழந்தை_மருத்துவர் எழுதியது:

செல்வி, உங்கள் பயம் நியாயமானது. தள்ளிப்போடாதீர்கள். இரண்டரை வயதுக்கு 24 கிலோ என்பது சாதாரணப் பருமன் இல்லை. குழந்தைகளுக்கான நாளமில்லாச் சுரப்பி நிபுணரையும் மரபணு ஆலோசனைப் பிரிவையும் இந்த மாதமே பாருங்கள். பெரிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ வேலூர் சி.எம்.சி.யிலோ தொடங்கலாம். என்ன வியாதி என்று இங்கே சொல்லமாட்டேன், சொல்லவும் கூடாது.

ஏன் அவசரம் என்கிறேன் என்று புரிய ஒரு வரலாறு சொல்கிறேன். 1994இல் நியூயார்க்கில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு லெப்டின் என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்தது. கொழுப்புத் திசு மூளைக்கு அனுப்பும் 'கையிருப்பு இருக்கிறது' என்ற செய்தி அது. 1997இல் கேம்பிரிட்ஜில் ஸ்டீபன் ஓ'ராஹிலி, சதாஃப் ஃபரூக்கி குழுவினர் இரண்டு பிள்ளைகளைப் பற்றி எழுதினார்கள். பாகிஸ்தான் பூர்வீகக் குடும்பம், உறவுக்குள் திருமணம். பெண்ணுக்கு 8 வயது, 86 கிலோ. அவளுடைய உறவுக்காரத் தம்பிக்கு 2 வயது, 29 கிலோ. இருவர் உடம்பிலும் லெப்டின் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. மூளைக்கு அவர்கள் எப்போதும் பட்டினியில் இருப்பதாகவே தெரிந்தது.

அந்தப் பெண்ணுக்கு லெப்டின் ஊசி போட ஆரம்பித்தார்கள். 9 வயதில் 94.4 கிலோ இருந்தவள் ஒரு வருடத்தில் 16.4 கிலோ குறைந்தாள். பசி அடங்கியது, மற்றப் பிள்ளைகள் மாதிரிச் சாப்பிட்டாள்.

நீங்கள் மார்ச்சளி என்று சொன்னதாலும் இதைச் சொல்கிறேன். லெப்டின் பசிக்கு மட்டுமானது இல்லை, நோயெதிர்ப்புச் செல்களுக்கும் அது வேண்டும். லெப்டின் இல்லாத பிள்ளைகளுக்குத் தொற்று அடிக்கடி வரும். துருக்கியில் இதே குறை இருந்த ஒரு குடும்பத்தில் பருமனான பிள்ளைகள் பலர் சிறுவயதிலேயே தொற்றில் இறந்திருக்கிறார்கள். எடை, மரபணு, நோயெதிர்ப்பு மூன்றும் ஒரே புள்ளியில் சந்திக்கும் இடம் இது. மருந்து இருக்கும் வியாதி என்பதால்தான் சீக்கிரம் பாருங்கள் என்கிறேன்.

—

ஆய்வகத்_தமிழன் எழுதியது:

செல்வி அக்காவுக்கும், உறவில் திருமணம் செய்த மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட திருமணங்கள் உறவுக்குள்தான் நடக்கின்றன. பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகவே இருக்கிறார்கள். ஆனால் ஒரே மரபணுவின் பிழையான பிரதி அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு சேர்ந்தால்தான் வரும் வியாதிகளுக்கு வாய்ப்பு கூடுகிறது. பாகிஸ்தானில் உறவுத் திருமணம் அதிகமுள்ள குடும்பங்களில் கடும் பருமன் உள்ள பிள்ளைகளைச் சோதித்தபோது, லெப்டின், லெப்டின் ஏற்பி (லெப்டினின் செய்தியை வாங்கிக்கொள்வது), எம்.சி.4.ஆர். (மூளையில் பசியைக் கட்டுப்படுத்துவது) ஆகிய மூன்று மரபணுக்களே சுமார் 30 சதவீதம் பேருக்குக் காரணமாக இருந்தன. 2015இல் வந்த முடிவு அது. நம் ஊரிலும் இப்படிப்பட்ட பிள்ளைகளை 'கொழுகொழு' என்று கொஞ்சிவிட்டு விட்டுவிடுகிறோமோ என்பதுதான் என் கவலை.

எம்.சி.4.ஆர். மட்டும் கொஞ்சம் வேறு. அதில் ஒரு பிரதி கெட்டாலே போதும், உறவுத் திருமணம் தேவையில்லை. கேம்பிரிட்ஜ் குழு சிறுவயதிலேயே கடும் பருமன் வந்த 500 பேரைச் சோதித்ததில் 29 பேருக்கு இதில் பிழை இருந்தது. ஒற்றை மரபணுவால் வரும் பருமனில் இதுதான் அதிகம் காணப்படுவது. இந்தப் பிள்ளைகள் உயரமாகவும் இருப்பார்கள், பசி அதிகம், வயது ஏற ஏறக் கொஞ்சம் குறையும்.

—

நெல்லைக்காரன் எழுதியது:

செல்வி அக்கா, நாளைக்கே போங்க. திருநெல்வேலிப் பக்கம் உதவி வேணும்னா தனிச்செய்தி அனுப்புங்க.

டாக்டர், ஒரு சாதாரண அப்பா அம்மா எதைப் பார்த்து "இது வெறும் சாப்பாட்டுப் பிரச்சினை இல்லை" என்று கண்டுபிடிப்பது?

—

மதுரை_குழந்தை_மருத்துவர் எழுதியது:

நான் என் புறநோயாளிப் பிரிவில் முதலில் பார்ப்பது உயரத்தைத்தான். நிறையச் சாப்பிட்டு எடை ஏறும் பிள்ளை பொதுவாக வயதுக்கு மீறிய உயரத்தோடு இருக்கும். எடை ஏறிக்கொண்டே போய் உயரம் மட்டும் நின்றுவிட்டால், தைராய்டு, கார்ட்டிசால் என்று ஹார்மோன் பக்கம் தேட வேண்டும். நீண்ட நாளாக ஸ்டீராய்டு மருந்து சாப்பிடுகிறதா என்றும் கேட்பேன்.

ஐந்து வயதுக்கு முன்பே கடும் பருமனும் அடங்காத பசியும் இருந்தால் மரபணு சந்தேகம். கைக்குழந்தையாக இருந்தபோது உடம்பு துவண்டு, பால் உறிஞ்சக்கூட முடியாமல் இருந்து, பிறகு இரண்டு மூன்று வயதிலிருந்து தாங்க முடியாத பசி வந்தால் பிராடர்-வில்லி என்ற பிறவி மரபணுக் கோளாறா என்று பார்ப்போம். பிறக்கும்போதே ஆறாவது விரல், இருட்டில் கண் சரியாகத் தெரியாதது, கூடவே பருமன் என்றால் பார்டெட்-பீடில் என்ற இன்னொரு மரபணுக் கோளாறா என்று பார்ப்போம். விரலை வெட்டி எடுத்துவிட்டு மறந்துவிடுவார்கள், நாம் கேட்டால்தான் சொல்வார்கள்.

இந்த அடையாளங்கள் எதுவும் இல்லாமல், குடும்பத்திலும் பருமன் இருந்து, பிள்ளை நல்ல உயரமாகவும் இருந்தால், பல மரபணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்த சாதாரண வகைதான். பெரும்பாலான பிள்ளைகள் இதில்தான் வருவார்கள்.

—

லண்டன்_யாழினி எழுதியது:

நாங்கள் யாழ்ப்பாணம், இப்ப லண்டனில இருக்கிறம். இங்க பள்ளிக்கூடத்தில ரிசெப்ஷன் எண்ட முதல் வகுப்பிலயும் ஆறாம் வகுப்பிலயும் பிள்ளையளை நிறுத்து அளந்து கடிதம் அனுப்புவினம். என்ர மகனுக்கு 'ஆரோக்கியமான எடை' எண்டுதான் வந்தது. ஆனா வயிறு மட்டும் தள்ளிக்கொண்டு நிக்குது, கை கால் மெலிவு. அவரின்ர அப்பாவுக்கு முப்பத்தைஞ்சு வயசிலேயே நீரிழிவு. கடிதத்தை நம்பலாமோ டொக்டர்?

—

மதுரை_குழந்தை_மருத்துவர் எழுதியது:

யாழினி, நல்லாய்க் கவனித்திருக்கிறீர்கள். தெற்காசியப் பிள்ளைகளுக்கு ஒரே பி.எம்.ஐ.யில் ஐரோப்பியப் பிள்ளைகளைவிடக் கொழுப்பு அதிகம் இருக்கும். பி.எம்.ஐ. மட்டும் பார்த்தால் நம் பிள்ளைகளைத் தவறவிடுவோம்.

இது கருவிலேயே தொடங்குகிறது. புனேயில் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர் அங்கே பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். புனேக் குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, சவுத்தாம்ப்டன் குழந்தைகள் 3.5 கிலோ. தசையும் வயிற்று உறுப்புகளும் நம் குழந்தைகளுக்குச் சிறியவை. ஆனால் தோலுக்கடியில் கொழுப்பு மட்டும் ஏறக்குறையக் குறையவே இல்லை. மெலிந்த உருவம், உள்ளே கொழுப்பு.

அதனால்தான் இந்தியக் குழந்தை மருத்துவர் கழகத்தின் 2015 வளர்ச்சி அட்டவணையில், வளர்ந்தவர்களுக்கான பி.எம்.ஐ. 23, 27 ஆகியவற்றுக்குச் சமமான கோடுகளைப் பிள்ளைகளுக்குப் போட்டிருக்கிறார்கள். மற்ற நாட்டில் 25, 30. அங்கே உள்ள உங்கள் குடும்ப மருத்துவரிடம் (ஜி.பி.) அப்பாவின் நீரிழிவைச் சொல்லுங்கள். வீட்டில் ஒரு டேப் போதும். இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும்.

டில்லியில் பிறந்ததிலிருந்து பின்தொடர்ந்த ஒரு கூட்டத்தைப் பற்றி 2004இல் எழுதினார்கள். 26 முதல் 32 வயதுக்குள் சர்க்கரைக் கோளாறு வந்தவர்களில் பலர் இரண்டு வயது வரை ஒல்லிக் குழந்தைகள். பிறகு மற்றவர்களைவிடச் சீக்கிரமே எடை ஏறத் தொடங்கி, 12 வயது வரை ஏறிக்கொண்டே போனவர்கள். அவர்களில் ஒருவர்கூட 12 வயதில் உடல் பருமன் என்ற அளவைத் தொட்டிருக்கவில்லை. 'பிள்ளை இப்பதான் தேறி வர்றான்' என்று நாம் சந்தோஷப்படும் காலம் அது.

—

லண்டன்_யாழினி எழுதியது:

நன்றி டொக்டர். டேப் எடுத்துப் பாத்தன், பாதியை விடக் கூடத்தான் இருக்குது. திங்கட்கிழமை ஜி.பி.க்கு எடுக்கிறன்.

—

திருச்சி_அம்மா எழுதியது:

ஜீன் டெஸ்ட் பற்றி யாரும் சொல்லவில்லையே? எடுக்கவா, வேண்டாமா? இன்னொன்று, அவனுடைய கழுத்துப் பின்பக்கம் கருப்பாக இருக்கிறது. அழுக்கு என்று தேங்காய் நார் போட்டுத் தேய்க்கிறேன், போகவே இல்லை.

—

ஆய்வகத்_தமிழன் எழுதியது:

செல்வி அக்காவின் பாப்பாவுக்கு மரபணுப் பரிசோதனை அவசியம், ஆனால் அதை நிபுணர் எழுதிக் கொடுக்க வேண்டும். உங்களுக்கு விற்கப் பார்ப்பது வேறு. அது எஃப்.டி.ஓ. போன்ற பொதுவான மரபணுக்களைக் கூட்டி ஒரு மதிப்பெண் போடும். அந்த மதிப்பெண்களைப் பெரும்பாலும் ஐரோப்பியர்களின் தரவை வைத்துச் செய்திருக்கிறார்கள், நமக்கு அவ்வளவு துல்லியம் கிடையாது. மதிப்பெண் அதிகம் என்று வந்தாலும் நீங்கள் செய்யப்போவது அதேதான். அப்பா வீட்டில் எல்லாருக்கும் எடை அதிகம் என்பதே இலவசமாகக் கிடைத்த மரபணுப் பரிசோதனை. என் கருத்து, வேண்டாம்.

நெல்லைக்காரனுக்கும் ஒரு விஷயம். பெரியவர்களில் உடற்பயிற்சி செய்பவர்களிடம் எஃப்.டி.ஓ.வின் வீரியம் சுமார் கால்வாசி குறைகிறது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் பார்த்து 2011இல் சொன்னது. பரம்பரை என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை என்பதற்கு இதுவே சாட்சி. பிள்ளைகளிடம் மட்டும் அந்த வித்தியாசம் தெரியவில்லை. ஆனாலும் ஓடி விளையாடுவதால் வரும் மற்ற நன்மைகள் எதுவும் குறையாது.

—

மதுரை_குழந்தை_மருத்துவர் எழுதியது:

திருச்சி அம்மா, தயவுசெய்து நார் போட்டுத் தேய்ப்பதை நிறுத்துங்கள். அது அழுக்கில்லை. அகான்தோசிஸ் என்போம். ரத்தத்தில் இன்சுலின் அதிகமாக ஓடுவதால் தோல் தடித்துக் கருக்கிறது. பிள்ளையைக் குளிக்க வைக்கும்போதெல்லாம் திட்டி, தோலைப் புண்ணாக்கிக் கூட்டி வரும் அம்மாக்களை நிறையப் பார்க்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கும்.

உங்கள் சி.ஆர்.பி.யைவிட இந்தக் கழுத்துதான் எனக்கு அதிகம் சொல்கிறது. ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, ஹெச்.பி.ஏ.1.சி. (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), கொழுப்பு அளவு, கல்லீரலுக்கு ஏ.எல்.டி. இவை போதும். தூக்கத்தில் குறட்டை விட்டு மூச்சு முட்டுகிறானா என்று பாருங்கள், இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடமும் காட்ட வேண்டும். சி.ஆர்.பி.யைத் திரும்ப எடுக்க வேண்டாம்.

ஒன்பது வயதில் அவன் எடையைக் குறைப்பது நோக்கமில்லை. உயரம் ஏறும்போது எடை அதே இடத்தில் நின்றாலே பெரிய வெற்றி. பட்டினி போட வேண்டாம். பாலில் கலக்கும் சத்துமாவு டப்பா, டியூஷனுக்குப் போகும் வழியில் பப்ஸ், ஜூஸ், இவற்றை முதலில் நிறுத்துங்கள். இட்லி எண்ணிக்கையை எண்ணாதீர்கள், சாம்பாரில் பருப்பும் காயும் கூட்டுங்கள், முட்டையோ சுண்டலோ சேருங்கள். பசி தாமதமாக அடங்கும் பிள்ளைக்குப் புரதமும் நார்ச்சத்தும்தான் கை கொடுக்கும். பி.டி. வகுப்பில் கணக்குப் பாடம் நடத்தினால் பள்ளிக்குப் போய்க் கேளுங்கள், நாலு பெற்றோர் சேர்ந்து கேட்டால் நடக்கும்.

—

திருச்சி_அம்மா எழுதியது:

டாக்டர், கழுத்து விஷயம் தெரிந்ததும் அழுதுவிட்டேன். இன்றைக்கே நிறுத்தினேன். ஒரே ஒரு சந்தேகம். பொண்ணு ஒல்லியாக இருக்கிறாளே, அவளுக்கு மட்டும் பிஸ்கெட் கொடுக்கலாமா? அவனுக்கு மட்டும் இல்லை என்றால் அவன் மனசு என்ன பாடுபடும்?

—

மதுரை_குழந்தை_மருத்துவர் எழுதியது:

இருவருக்கும் ஒரே சாப்பாடுதான். பிஸ்கெட் டப்பா வீட்டில் இருந்தால் அவனால் முடியாது, அவளால் முடியும். அது அவன் தப்பில்லை, அவள் சாமர்த்தியமும் இல்லை. அதனால் டப்பாவே வீட்டுக்குள் வர வேண்டாம். அவளுக்கு எடை போதவில்லை என்றால் நெய், வேர்க்கடலை, கூடுதலாக ஒரு முட்டை கொடுங்கள். அப்புறம், வீட்டில் யாரும் அவன் உடம்பைப் பற்றி அவன் எதிரில் பேசக் கூடாது. மாமியாரிடமும் உங்கள் அம்மாவிடமும் நான் சொன்னதாகவே சொல்லிவிடுங்கள்.

—

கொங்குச்செல்வி எழுதியது:

அடுத்த வியாழக்கிழமை வேலூருக்கு அப்பாயிண்ட்மென்ட் கிடைத்திருக்கிறது. பாப்பாவின் பிறப்பு எடை, தடுப்பூசி அட்டை, ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டு எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். வேறு ஏதாவது கொண்டு போகணுமா டாக்டர்?

—

மதுரை_குழந்தை_மருத்துவர் எழுதியது:

இரு பக்கத்துத் தாத்தா பாட்டி வரை குடும்பப் படம் ஒன்று வரைந்து எடுத்துப் போங்கள். யார் யாருக்கு உறவு, சின்ன வயதில் இறந்த குழந்தைகள் யாராவது உண்டா, என்ன காரணத்தால் என்று எழுதுங்கள். பாப்பாவுக்கு ஆறு மாதம், ஒரு வயது, ஒன்றரை வயதில் எடுத்த போட்டோக்கள் இருந்தால் அவையும். எப்போது எடை ஏற ஆரம்பித்தது என்று அவர்களுக்கு அதிலேயே தெரிந்துவிடும்.